வெள்ளைக்காரனுக்குப் பதினோரு தேங்காய்

"இன்னைக்கு அவருக்கு பர்த்டே. அதான் பாயசம் வச்சேன்" என்றாள் வெண்பா, அடுப்பைப் பார்த்தபடியே. அப்படி ஒரு வெட்கத்தை வாஞ்சிநாதன் அவள் முகத்தில் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் இவன் பிறந்தநாளுக்கு வீட்டில் தயிர்சாதம்தான்.

இந்த 'அவர்' ஓர் இங்கிலாந்துக்காரன். பெயர் ஏட்ரியன் வெல்ஸ், பாப் பாடகன். படுக்கையறைச் சுவரில் ஆளுயரப் போஸ்டராக நின்று, சட்டையில் மூன்று பொத்தான்களைத் திறந்துவிட்டுக்கொண்டு, வாஞ்சிநாதனைப் பார்த்து இருபத்துநாலு மணி நேரமும் இளிப்பவன்.

அமெரிக்காவில் இந்த எடிசன் ஊருக்கு வந்து இரண்டு வருடம். டிபெண்டன்ட் விசாவில் வெண்பா வேலைக்குப் போக முடியாது. புருஷன் வரும்வரை அவளுக்குத் துணை டிவியில் வரும் ஏட்ரியன்தான். அவன் எந்த வருடம் முதல் கேசட் போட்டான், எந்தப் பாட்டு எத்தனை வாரம் முதல் இடத்தில் இருந்தது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. புருஷன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் மட்டும் "கம்ப்யூட்டர்ல" என்பாள்.

வாஞ்சிநாதனைக் கேட்டாலும் அதற்குமேல் பெரிதாகச் சொல்லியிருக்க மாட்டான். கன்சல்டிங் கம்பெனி முதலாளி ராமசுப்ரமணியன் "அந்த க்ளையன்ட்கிட்ட போய் உட்காரு" என்றார், போய் உட்கார்ந்தான். எந்தப் பெட்டி எந்தக் கடைக்குப் போகிறது, எது திரும்பி வருகிறது என்று பார்த்துக்கொள்ளும் ப்ரோக்ராம். பெட்டிக்குள் பிஸ்கட்டா பிளேடா என்று அவன் ஒருநாளும் விசாரித்ததில்லை. ஐட்டம் நம்பர் இருந்தால் போதும். கிரீன் கார்டு வரும்வரை சம்பளம் நிற்காமல் வரவேண்டும், அவ்வளவுதான்.

"அடுத்த மாசம் புது ஆல்பம் வருதுங்க. ஹிட் ஆயிட்டா டூர். நியூ ஜெர்சிக்கும் வருவாராம்."

"வந்து?"

"நேர்ல பார்ப்பேன். கை குடுப்பேன்."

"நம்ம வீட்டுக்கே சாப்பிடக் கூப்பிடேன்."

"கூப்பிட்டா வருவாரா?" என்று அவள் நிஜமாகவே யோசித்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அந்த ஞாயிறு பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பிள்ளையார் முன்னால் கண்ணை இறுக மூடினான். கிரீன் கார்டுக்குக்கூட அவன் இப்படி உருகி வேண்டியதில்லை. 'அப்பனே, இந்த ஆல்பத்தோடு அந்தப் பயல் காலியாகிவிட வேண்டும். பதினோரு தேங்காய் உடைக்கிறேன்.'

"என்னங்க வேண்டிக்கிட்டீங்க?"

"எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான்" என்றான், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

பிள்ளையாருக்கு அன்று வேறு வேலை இல்லை போலிருக்கிறது. ஆல்பம் வந்த மூன்றாவது வாரமே பத்திரிகைகள் ஏட்ரியனைக் கிழித்துத் தொங்கவிட்டன. டூர் கேன்சல். டிவிக்காரர்கள் அவனை மறந்து வேறு பையன்களைக் காட்ட ஆரம்பித்தார்கள்.

வெண்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் போஸ்டரைத் தானே கழற்றிச் சுருட்டினாள்.

"பாவங்க அவரு. கரியரே முடிஞ்சுபோச்சுன்னு போட்டிருக்கான்" என்று வாஞ்சிநாதன் தோளில் சாய்ந்து அழுதாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளாக வந்து சாய்ந்தது அதுதான் முதல் தடவை. "விடும்மா, நான் இருக்கேன்ல" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தான். உள்ளுக்குள் அவனுக்கு நாதஸ்வரமே ஒலித்தது. அந்த வாரம் ஆபீசில் ரிட்டர்ன் பெட்டிகள் குவிந்து வேலை இடுப்பை ஒடித்தது. அதைக்கூட அவன் விசிலடித்துக்கொண்டே செய்தான்.

சனிக்கிழமை ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடையில் தேங்காய் வாங்கி, கோயிலில் பதினொன்றையும் ஒரே மூச்சில் உடைத்தான்.

"எதுக்குங்க இத்தனை?"

"நமக்காகத்தான்."

திரும்பி வரும்போது கார் முழுக்க வெண்பா அவனோடுதான் பேசிக்கொண்டு வந்தாள். "உங்க ஆபீஸ்ல என்னதான் பண்றீங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றுகூடக் கேட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை, டை கட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ராமசுப்ரமணியன்.

"வாஞ்சி, இன்னைக்கு க்ளையன்ட் ஆபீஸுக்குப் போகாத. அவங்களுக்குப் பெரிய நஷ்டமாம், ப்ராஜெக்ட க்ளோஸ் பண்ணிட்டாங்க. என்கிட்டயும் வேற எதுவும் இல்ல. ஊருக்கு டிக்கெட் போட வேண்டியிருக்கும்பா."

"சார், கிரீன் கார்டு ப்ராசஸ் நடந்துட்டிருக்கு சார். என் ப்ரோக்ராம்ல ஏதாவது தப்பா?"

"சேச்சே, உன் மேல ஒரு தப்பும் இல்லப்பா. ஏட்ரியன் வெல்ஸ்னு எவனோ பாடின சிடி, பெட்டி பெட்டியா திரும்பி வந்துடுச்சாம்."