5454ஆம் கதவு

“எட்டாயிரமா? எட்டு நமக்கு ஆகாது ஜீவா. வேற நம்பர் போடு.”

வேலுமணி அண்ணன் என் லேப்டாப் திரையை ஆகாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். வெளியூரிலிருந்து செல்போனில் பார்க்கிறவன் எந்த எண்ணைத் தட்டினால் வீட்டுக்குள் எந்தக் கேமரா திறக்க வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லி வைக்கும் வேலை. எண்தான் கதவு. கேமரா நிறுவனம் கொடுத்த எண் எட்டாயிரம்.

“என்ன போடட்டுங்ண்ணா?”

“நம்ம நம்பர்தான்.”

அவருடைய நம்பர் திருச்செங்கோட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். 4545. கூட்டினால் பதினெட்டு, ஒன்றும் எட்டும் ஒன்பது. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில், காரில், ஸ்கூட்டரில், செல்போன் எண்ணின் கடைசியில் எல்லாம் அதுதான். போன வருடம் ராய்ப்பூர்ப் பக்கம் ஓடும் அந்த ரிக்கில் டீசல் திருட்டைப் பிடிக்க ஒரு கேமரா வைத்துக் கொடுத்தேன். அதற்குக் கடவுச்சொல் எட்டு எழுத்து வேண்டும் என்றதும், 4545ஐ இரண்டு தடவை அடிக்கச் சொன்னார்.

யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அன்றைக்கே சொன்னேன்.

“வண்டி நம்பரப் பாத்து கேமராவத் தொறக்கற அளவுக்கு எவனுக்கு அறிவு இருக்குது?” என்றார்.

கேமரா மாட்ட அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஓட்டை போடுகிறவன் அதிகம் பேசாமலிருப்பது நல்லது.

வாசல் கேமராவுக்கு 4545 கொடுத்தேன். படம் வந்தது. ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று கேட்டில் வாடிக்கொண்டிருந்தது. நாளை மறுநாள் அவர் ராய்ப்பூர் கிளம்புகிறார். இனி எட்டு மாதம் வரமாட்டார்.

“இப்ப ரெண்டாவது. சமையக்கட்டு.”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சௌந்திரம் அக்கா நிமிர்ந்தார்.

“ஏனுங்க, சமையக்கட்டுல என்னங்க திருட்டுப் போகுது?”

“உனக்கொரு பாதுகாப்புக்குத்தான்.”

“எட்டு மாசமும் நான் திரும்பற பக்கமெல்லாம் அங்கிருந்து பாத்துட்டே இருப்பீங்களா? பக்கத்து ஊட்டு சத்யபிரியா வந்தா ரெண்டு வார்த்தை பேசக்கூட முடியாதுங்களே.”

“பேசு. ஆரு வேண்டாங்கறா? சத்தமா கேக்கப் போகுது? படந்தான் தெரியும்.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அவர் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டாவதற்கு 5454. அதையும் கூட்டினால் ஒன்பது.

அண்ணன் தன் செல்போனில் வைஃபையை அணைத்தார். ராய்ப்பூரில் இருப்பது மாதிரி பார்க்க வேண்டுமாம். எண்ணைத் தட்டினார். சில நொடி வெறும் கறுப்பு. பிறகு அடுப்பு வந்தது. அடுப்புக்கு முன்னால் அக்காவின் முதுகு.

பத்தடி தூரத்தில் இருக்கும் மனைவியை அவர் செல்போனில் பார்த்துச் சிரித்தார்.

“பார்றா. டம்ளர்ல இருக்கற பூ டிசைன் கூடத் தெரியுது.”

“தெளிவாத்தான் இருக்குதுங்ண்ணா.”

“டீ போடறா. எனக்குச் சர்க்கரை இல்லாம. நான் இனிப்பத் தொட்டு ஒரு வருசம் ஆச்சு ஜீவா. டாக்டர் சொன்ன அன்னிக்கு விட்டதுதான். மனசுல கட்டுப்பாடு இருக்கோணும்.”

திரையில் அக்கா சர்க்கரை டப்பாவைத் திறந்தார். முதல் டம்ளரில் ஒரு கரண்டி. இரண்டாவதில் ஒன்று. இன்னொன்று. கொஞ்சம் நின்று, மூன்றாவது.

“மூணு கரண்டி!” அண்ணன் என் தொடையில் தட்டினார். “உன்னைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாம உட மாட்டா போலிருக்குது.”

திரையிலிருந்து அக்கா மறைந்தார். மறைந்த அதே நொடியில் சமையற்கட்டு வாசற்படியில் வந்து நின்றார். ஒரு கையில் டீத்தட்டு. இன்னொரு கையில் முறுக்குத் தட்டு.

ஒரு கரண்டி போட்டதை எனக்குக் கொடுத்தார். மூன்று கரண்டி போட்டதை அண்ணன் கையில் வைத்தார்.

அவர் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

“குடிங்க. சரியாத்தான் போட்டிருக்கறேன்” என்றார் அக்கா. குரலில் ஒன்றுமில்லை. “ராய்ப்பூர்ல டீசல் டேங்குப் பக்கத்துல கயித்துக் கட்டில்ல உக்காந்து தெனமும் சாயங்காலம் குடிக்கறீங்களே, அந்த மாதிரி. தொட்டுக்க ஜிலேபிதான் இங்க இல்லீங்க.”

அண்ணன் டம்ளரைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். அதில் ஆளில்லாத சமையற்கட்டு, திறந்த சர்க்கரை டப்பா.

எனக்கு டீ நன்றாக இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாததால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன்.

அண்ணன் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“ஜீவா.”

“சொல்லுங்ண்ணா.”

“சமையக்கட்டுல ஒண்ணும் திருட்டுப் போகாதில்ல?”

“போகாதுங்ண்ணா.”

“அப்ப அந்த ரெண்டாவது கதவ அடைச்சிரு சாமி.”

5454 இருந்த வரியை அழித்தேன். அவர் கையிலிருந்த படம் உறைந்தது. பிறகு கறுப்பானது. அவர் அந்தக் கறுப்பைப் பார்த்தபடியே டீயைக் குடித்தார். முழுவதும் குடித்தார்.

பையைக் கட்டும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வேலை தெரிந்தவன் சொல்ல வேண்டியதுதான். ரிக் கேமராவின் கடவுச்சொல்லை இப்போதே மாற்றிவிடலாம், இரண்டு நிமிட வேலை.

“அண்ணா, அந்த ரிக்கு…” என்று தொடங்கினேன்.

“எடுத்துக்க ஜீவா” என்று அக்கா முறுக்குத் தட்டை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

பெரிய முறுக்கு. வீட்டில் சுட்டது. வாய் நிறைய முறுக்கு இருக்கும்போது யாரும் எதையும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன்.