படித்துச் சொன்னவர்

"வாங்க சார். காயிதம் படிக்கப் பெரிய வாத்தியார்கிட்ட ஆள் கேட்டிருந்தேன். இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

வாசலில் நின்றவரிடம் கண்ணாயி நீட்டியது கம்பெனியிலிருந்து தபாலில் வந்த இங்கிலீஷ் கடிதம். நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை வெடித்து, அவள் கணவன் சின்னுசாமி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"உங்க ஊட்டுக்காரர் வால்வைச் சரியா மூடலையாம். அவராலதான் வெடிச்சதுன்னு நீங்க ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணுமாம்."

"படுக்கப் போறப்ப அடுப்பத் தொட்டுப் பாத்துட்டுப் படுக்கற மனுசருங்க அவரு."

"கையெழுத்துப் போடாதீங்க."

"அத வாங்க இன்னிக்கு ஆபீசர் வருவாருன்னு போன்ல சொன்னாங்களே. அவர்கிட்ட என்னங்க சொல்றது?"

"மாட்டேன்னு சொல்லுங்க. அவர் ஒண்ணும் செய்ய மாட்டார்."

கண்ணாயிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை அவருக்குத் தட்டில் வைத்தபோது சுமித்ரா டீச்சர் மூச்சிரைக்க வந்தாள்.

"செம்மேடு பஸ் லேட்டுங்க அக்கா. பெரிய வாத்தியார் அனுப்பினாரு. காயிதம் எங்கீங்க?"

கண்ணாயி திரும்பி அவரைப் பார்த்தாள். "அப்ப நீங்க யாருங்க?"

"அந்த ஆபீசர் நான்தானுங்க."

அவர் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"வால்வு பழுது, உடனே மாத்தணும்னு உங்க ஊட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததுங்க. வேலை நிக்கக்கூடாதுன்னு இதையெல்லாம் ஃபைலுக்குள்ள போட்டு மூடினவன் நான். விசாரணையில அதையும் சொல்றேன்."