மூன்று மணி டெமோ

ஸ்டீரியோவில் இணைத்துப் பாட்டுக் கேட்க ஒரு மியூசிக் சர்வர் வாங்குவதற்குள், பெரம்பலூர் முதல் திருச்சி வரை கடைக்காரர்கள் உயிரை எடுத்துவிட்டார் வைத்திலிங்கம். எந்தப் பெட்டியைப் பாட விட்டாலும், "பேஸ் பத்தலைங்க" என்று உதட்டைப் பிதுக்குவார்.

கடைசியில், ரெட்டிபாளையத்தில் வீட்டிலேயே வைத்து விற்கும் சாமிதுரையைப் பிடித்தார்.

"மூணு மணிக்கு வாங்க சார். எங்க ஊர்ல அப்பதான் கரண்டு சுத்தமா வரும்."

விஷயம் தெரிந்த ஆள்தான் என்று வைத்திலிங்கத்துக்குப் புல்லரித்தது.

முதலில் மலிவான பெட்டி பாடியது. உதடு பிதுங்கியது. காபி வந்தது. சாமிதுரை கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விலை கூடிய பெட்டிக்கு வயரை மாற்றினார்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க சார்."

தவில் உச்சத்துக்கு ஏறியது. திடுமெனத் தரை அதிர்ந்தது. ஜன்னல் கதவு கடகடத்தது. காபி டம்ளர் நகர்ந்தது. வைத்திலிங்கத்தின் அடிவயிறே குலுங்கியது.

"இதுய்யா பேஸ்! கட்டிக் குடுங்க!"

பெரம்பலூர் வீட்டில் அதே தவில் சாதுவாக ஒலித்தது. "நம்ம ஊரு கரண்டு சரியில்ல" என்று முடிவு கட்டியவர், பெட்டியின் புகழை மட்டும் ஊரெல்லாம் பரப்பினார். நண்பர் ராஜராஜனுக்கும் ஆசை வந்துவிட்டது. வைத்திலிங்கம் உடனே சாமிதுரைக்குப் போன் போட்டார். சாமிதுரையின் மனைவி மலர்கொடி எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நண்பரைக் கூட்டிட்டு வரேம்மா. அவரும் அந்தப் பெட்டியைக் கேக்கணுமாம்."

"ஐயோ, ஞாயித்துக்கிழமை வேணாங்க சார்!" என்று பதறினாள் மலர்கொடி. "அன்னிக்கு சுண்ணாம்புக்கல் குவாரி லீவு. வெடி வைக்க மாட்டாங்க."