மல்லிகைச் செடி

"மல்லிகைக்குத் தண்ணி ஊத்தறயா, மது?"

ராஜஸ்தானில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டும் தமிழரசு இன்றும் போனில் அதையே கேட்டான்.

"இல்லீங்க" என்று கூசாமல் பொய் சொன்னாள் மதுமதி. வெளியே நாலு வயது மகள் யுவஸ்ரீ, ஓஸைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டபடி பாடிக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாகவே லாரித் தண்ணீரில் திருட்டுத்தனமாக வளர்ந்த செடி அது.

"காஞ்சே போச்சுங்க. செடி மேல அப்படியென்ன கோவம்?"

அவன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

"இனிச் சொன்னா என்ன? போன நோம்பிக்கு நீ உங்கம்மா ஊட்டுக்குப் போனப்ப, அந்தச் செடி இருக்கற எடத்துல அறநூறு அடி போரு போட்டேன். வெறும் பொகைதான் வந்துச்சு. ஊருக்கெல்லாம் போரு போடறவன் உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? பைப்பை உருவிட்டு, சாக்கைத் திணிச்சு மண்ணைத் தள்ளிட்டேன். மண்ணு லேசா இருக்குன்னு நீ அங்கயே செடிய நட்டுட்ட. காஞ்ச மண்ணு தாங்கிக்கும். நனைஞ்சாத்தான் உள்ள போயிரும்."

வெளியே பாட்டு நின்றிருந்தது.

மதுமதி ஓடினாள். செடியைக் காணோம். தொட்டிக் குழாயிலிருந்து புறப்பட்ட ஓஸ், எதையோ தாங்குவதுபோல் விறைத்து மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.