பொரி தின்னாத எலி

காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்தியதும் அனல் முகத்தில் அறைந்தது.

அவள் பின்வாங்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

மணி ஒன்று பத்து. நான்கு மணிக்குத் திருநெல்வேலியில் இறுதிப் போட்டி. மகள் முத்தரசி கபடி அணிக்குத் தலைவி. நேற்று போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அப்பா வந்து களத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அந்த அப்பா, இவள் வீட்டுக்காரர், ஜன்னலுக்கு உள்ளே, சக்கர நாற்காலியில்.

இருபது வருடம் விசில் ஊதிய பி.டி. வாத்தியார். மாடியிலிருந்து விழுந்த நாள் முதல் மார்புக்குக் கீழே அசைவில்லை. வியர்வையும் இல்லை. உடம்பு சூடேறினால் இறங்காது. ஏ.சி. இல்லாமல் வண்டியில் ஏற்றவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வாடகைக் காரும் ஆகாது. அவரை ஏற்றுவதற்கென்று வெளிப்பக்கம் திரும்பும் சீட், இந்த வண்டியில் மட்டும்தான்.

நேற்று மாலை வரை ஜில்லென்று ஊதிய ஏ.சி., இன்று வெந்நீர் ஆவியாக ஊதியது.

மெக்கானிக் இருதயராஜ் மணப்பாட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். பேண்டு சத்தத்துக்கு நடுவே போனில் கத்தினான்.

"அக்கா, ஏ.சி. போட்டதும் 'டக்'குனு ஒரு சத்தம் வரணும். வருதா?"

"வரலியே தம்பி."

"அப்போ கம்ப்ரசருக்குக் கரண்டு போகல. ஃபியூஸப் பாருங்க. அது நல்லாருந்தா வயரப் பாருங்க. எஞ்சின நிப்பாட்டிட்டுக் கைய வைங்கக்கா, புண்ணியமாப் போவும்!"

ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"எலியாத்தான் இருக்கும்ட்டி. ஆயுதபூசைக்கு எஞ்சின் மேல பொரி வச்சோம்லா, அந்த வாசனைக்கு வந்திருக்கும். விட்டுத்தள்ளு. இந்த வெயில்ல உனக்கு எதுக்கு?"

பொரி இருந்தது. பேட்டரி ஓரத்தில், ஒரு கைப்பிடி.

வயரைத்தான் காணோம். குனிந்தாள். எக்கினாள். இடுப்பு விட்டுப்போனது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

குழாய்க்கு அடியில், கண்ணுக்கு நேரே தொங்கியது. இரண்டு துண்டாக.

நின்றால் தெரியாது. உட்கார்ந்தால்தான் தெரியும்.

வெட்டு நேராக இருந்தது. பிசிறு இல்லை.

ஒரு பொரியை எடுத்து வாயில் போட்டாள்.

மொறுக்.

ஆயுதபூஜை முடிந்து ஏழு மாதம். நமுத்துக்கூடப் போகாத பொரி.

எந்த எலி பொரியை விட்டுவிட்டு வயரைத் தின்னும்?

காலையில் பால் வாங்கி வந்தபோது நாற்காலி வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. காற்று வாங்குகிறேன் என்றார்.

இரண்டு வருடமாக எந்த மைதானத்துக்கும் அவர் வரவில்லை. முறைக்கு ஒரு காரணம். ஒரே ஒரு தடவை மட்டும் வாய் தவறிச் சொன்னார், நாலு பேர் பார்க்க என்னைத் தூக்கி இறக்கணுமா என்று.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

பழைய பிளேடால் வயரின் தோலைச் சீவினாள். செம்பு பளிச்சிட்டது. விரலில் ரத்தம். சப்பிவிட்டு, முறுக்கினாள். டேப்பை ஐந்து சுற்று சுற்றினாள். பிறகு இன்னும் ஐந்து.

சாவியைத் திருப்பி, ஏ.சி.யைப் போட்டாள்.

டக்.

காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தது. கையை நீட்டி, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தாள். வண்டியை ஓடவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அவருக்கு வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள். பித்தானையும் போட்டாள்.

"என்னட்டி ஆச்சு?"

"நீங்க சொன்ன மாதிரி எலிதாங்க."

அடுப்படியிலிருந்து பொரி டின்னைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். நேற்று நிரப்பி வைத்த டின்னில் முக்கால்வாசிதான் இருந்தது.

"வழியில கொறிச்சிக்கிட்டே போவோம்."

அவர் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்தாள். பிரேக் போட்டிருந்தது.

எட்டி விடுவித்திருக்கலாம். கை வைக்கவில்லை. நின்றாள்.

வெளியே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. மணி இரண்டு.

இரண்டு ஐந்து. அவர் கை பிரேக்குக்கு இறங்கியது.

டக்.