சிரிக்காத வகுப்பு

"எல்லாரும் எழுந்து நில்லுங்க."

பிரிசில்லா டீச்சர் போட்ட சத்தத்தில் நாலாம் வகுப்பே எழுந்து நின்றது. பின்னே, கோபம் வராதா?

தீபலட்சுமிக்கு எட்டு வயசுதான். ஆறே மாதத்தில் உடம்பு பெருத்து, முகத்தில் பரு வந்து, பெரிய மனுஷி மாதிரி வளர்ந்துவிட்டாள். பிராய்லர் கோழி தின்றே இப்படி என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு. போதாததற்கு, பாடம் நடக்கும்போதே தூங்கி வழிவாள்.

ஷூ கம்பெனியில் தைக்கிற அவள் அம்மா தேவகி போன வாரம்தான் வந்து அழுதுவிட்டுப் போனாள். அது தூக்க வியாதியாம். வயசுக்கு மீறிய இந்த வளர்ச்சியும் அதோடு சேர்ந்து வரக்கூடியதுதான் என்று வேலூர் டாக்டர் சொன்னாராம்.

அப்படிப்பட்ட பிள்ளையை இந்த வகுப்பு ஒதுக்குகிறது. டீச்சர் ஒரு வாரமாகக் கண்ணாலேயே பார்க்கிறார். கலகலவென்று பேசிக்கொண்டிருப்பவர்கள், தீபலட்சுமி வந்தால் கப்சிப். முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார்கள். அத்தனைக்கும் தலைவி சைரா. அவள் உதட்டில் விரல் வைத்தால் போதும், வகுப்பே அடங்கிவிடும்.

"நாளைக்கு உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா. வேற ஸ்கூல் பாத்துக்கட்டும்" என்றார் அவளிடம்.

சைரா கண் கலங்கினாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. சரியான அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டார் டீச்சர்.

தீபலட்சுமியை அழைத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். இன்றைக்கு இவளைச் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை.

"ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிற ஆம்பூர்ல, உங்க டீச்சர் காலைப் பாருங்க."

காலையில் அவசரத்தில் மாற்றிப் போட்டு வந்த செருப்பைத் தூக்கிக் காட்டினார். ஒன்று கறுப்பு, ஒன்று பிரவுன்.

வகுப்பு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. தீபலட்சுமி மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறு நொடி அவள் தலை தொங்கியது. முழங்கால் மடங்கி, துணி மாதிரி சரிந்தாள்.

டீச்சர் பதறிப்போய்க் குனிந்தார்.

அதற்குள் சைரா பாய்ந்து வந்து அவள் தலையை மடியில் தாங்கிவிட்டாள். யாரும் சொல்லாமலே இரண்டு பேர் பெஞ்சை நகர்த்தினார்கள்.

"பயப்படாதீங்க மிஸ். அவளுக்கு எல்லாம் கேக்கும். ரெண்டு நிமிஷத்துல எழுந்துக்குவா" என்றாள் சைரா. "வெளிய தெரிஞ்சா அவங்கம்மா இவளப் பாத்துக்க வேலைய வுட்டு நின்னுடுவாங்களாம். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அழுதா."

"எத்தனை நாளாடி இப்படி?"

"ஒரு மாசமா. சிரிச்சா வுழுந்துடுறா மிஸ். அதான் அவ எதிர்ல நாங்க யாரும் சிரிக்கிறதில்ல."