பழுது பார்க்க வந்தவன்

"ஆன் பண்ணுன கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சுருது தம்பி" என்றார் ஆண்டியப்பன்.

காரைக்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இளமாறன், அவர் வீட்டு மேசைமேல் இருந்த சிபியூவைத் திறந்தான்.

"தூசி வேலைக்கு இஸ்திரி போட்ட சட்டையோட வந்திருக்கீக" என்றாள் அவர் மனைவி வள்ளிக்கண்ணு.

அவன் சிரித்து மழுப்பினான். உள்ளே தூசியும் இல்லை, சூடும் இல்லை. மேசை முன் உட்கார்ந்திருந்த மகள் ஹேமாவதி மறுபடி ஆன் செய்தாள். அணைந்தது. பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தான். அப்போதும் அணைந்தது.

"மதர்போர்டு போயிருச்சோ?" என்றாள் ஹேமாவதி.

"பாக்காம அப்படிச் சொல்லக் கூடாதுங்க. எனக்கு இன்னும் பிடிபடல."

கீழே விழுந்த ஸ்க்ரூவை எடுக்கக் குனிந்தான். மேசைக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் சுவிட்ச்மேல் ஹேமாவதியின் கால் கட்டைவிரல்.

நிமிர்ந்தவன் சிபியூவை மூடினான். ஹேமாவதிதான் பேசினாள்.

"தரகர் உங்க ஜாதகத்தக் கொண்டுவந்தாரு. பொருத்தம் நல்லாருக்குன்னாக. பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு எல்லாரும் தங்கமாத்தான் இருப்பாக. கோவம் வருமா, பொய் வருமான்னு வேலை செய்யிறப்பத்தான தெரியும்? அதான் உங்கள வரச் சொல்லுங்கன்னு அப்பாகிட்ட சொன்னேன். தப்பா நினைக்காதீக."

இளமாறன் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு எழுந்தான்.

"உங்க போட்டோ எங்க வீட்டுக்கும் வந்துச்சுங்க" என்றான், சட்டையில் ஒட்டாத தூசியைத் தட்டிவிட்டபடி. "இல்லைன்னா வழக்கம்போல மெக்கானிக்கத்தான் அனுப்பியிருப்பேன்."